மகளுக்குப் பிடிக்காமல் போனது செஸ்ஸா, போட்டிக்குப் போவதா?

வாசகர் கேள்வி:

எனக்கு இரண்டு பிள்ளைகள். மகளுக்கு 13 வயது, மகனுக்கு 10. மகள்தான் முதலில் செஸ் கற்றுக்கொண்டாள். அவளைப் பார்த்துத்தான் தம்பியே கற்றுக்கொண்டான். மாவட்ட அளவில் இரண்டு முறை பரிசு வாங்கியிருக்கிறாள். ஆனால் ஆறு மாதமாகப் போட்டி என்று சொன்னாலே முகம் சுருங்கிவிடுகிறது. தலைவலி, பரீட்சை என்று ஏதாவது ஒரு காரணம். பயிற்சி வகுப்பில் 24 பிள்ளைகள். அதில் பெண்கள் 3 பேர், மற்ற இருவரும் ரொம்பச் சின்னவர்கள். என் கணவர், "பொம்பளப் பிள்ளைங்களுக்கு இதுல ஆர்வம் ஒரு வயசு வரைக்கும்தான், இயற்கையே அப்படித்தான். விட்டுடு, இனிமே பையனைப் பார்ப்போம்" என்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் பையனை அவர் பைக்கில் போட்டிக்கு அழைத்துப் போகிறார். மகளோடு போவதென்றால் நான்தான் கடையைப் பூட்டிவிட்டுப் போக வேண்டும். இதில் எனக்குப் புரியாத விஷயம், ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு போனில் செஸ் ஆடிக்கொண்டிருக்கிறாள். இரண்டு முறை பிடித்துத் திட்டினேன். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஆர்வம் பிறவியிலேயே வேறு வேறுதானா? இவளைக் கட்டாயப்படுத்தலாமா, விட்டுவிடலாமா?

– ஒரு தாய், கரூர் மாவட்டம்

செஸ் பயிற்சியாளரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை மட்டும் நாலு முறை படித்தேன். ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு போனில் செஸ் ஆடுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரி. பிடிக்காத ஒன்றை எந்தப் பிள்ளையும் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு, அம்மாவிடம் திட்டும் வாங்கிக்கொண்டு செய்யாது. உங்கள் மகளுக்கு செஸ் பிடித்திருக்கிறது. போட்டிக்குப் போவதில்தான் ஏதோ ஒன்று அவளுக்குக் கசந்துபோயிருக்கிறது. அது என்னவென்று பார்ப்பதற்கு முன்னால் அதற்கு "ஆர்வமில்லை" என்று பெயர் வைத்துவிட வேண்டாம்.

22 வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். ஏழு, எட்டு வயதில் வகுப்புக்கு வருகிற பெண் குழந்தைகள் பையன்களுக்குக் கொஞ்சமும் குறையாத ஆசையோடுதான் வருகிறார்கள். குதிரை எப்படித் தாவும் என்று கற்றுக்கொண்ட அன்றைக்கு அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில்தான் ஒவ்வொருவராக நின்றுபோகிறார்கள். யாரும் "எனக்குப் பிடிக்கவில்லை" என்று சொல்லி நிற்பதில்லை. தலைவலி, பரீட்சை, டியூஷன், ஊரில் விசேஷம் என்று நாலு வாரம் தள்ளும். ஐந்தாவது வாரம் அப்பா போன் செய்து, "மேடம், பாப்பாவுக்கு இன்ட்ரஸ்ட் இல்ல போலிருக்கு" என்பார். உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு அந்தப் போன் குரல்தான் கேட்டது.

ஒரு போட்டி நாளில் நடப்பதைச் சொல்கிறேன். கல்யாண மண்டபத்தில் போட்டி. மூன்றாவது ரவுண்டு முடிந்து பிள்ளைகள் வெளியே வருகிறார்கள். படிக்கட்டில் ஒரு போர்டை விரித்து ஆறேழு பையன்கள் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். இப்போதுதான் முடிந்த ஆட்டத்தை மறுபடி ஆடிப் பார்ப்பார்கள். "இங்க யானைய எடுத்திருந்தா?" "டேய், சிப்பாய் போயிடும்டா." காய்கள் பறக்கும், கத்தல், சிரிப்பு. ஜெயித்தவனும் தோற்றவனும் ஒரே போர்டில் கை வைத்துக்கொண்டிருப்பான். நான் வகுப்பில் ஒரு மாதம் சொல்லித்தருவதைவிட அந்தப் படிக்கட்டில் அரை மணி நேரத்தில் அவர்கள் அதிகம் கற்றுக்கொள்கிறார்கள் என்று நான் மனதார நம்புகிறேன். அதே நேரத்தில் பதின்மூன்று வயதுப் பெண் எங்கே இருப்பாள்? தோளில் பையோடு, அம்மாவுக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில். அந்தக் கூட்டத்துக்குள் போய் உட்கார அவளுக்குக் கூச்சம், உட்கார்ந்தால் அம்மாவுக்குச் சங்கடம். அடுத்த ரவுண்டுக்குப் பேர் கூப்பிடுகிற வரைக்கும் ஒன்றரை மணி நேரம் அவள் தனியாகத்தான் இருக்க வேண்டும்.

இன்னொன்றும் நடக்கும். அவள் ஒரு பையனை ஜெயித்துவிட்டு வெளியே வருவாள். வாசலிலேயே அந்தப் பையனின் அப்பா அவனைப் பிடித்து, "ஒரு பொண்ணுகிட்டப் போய்த் தோத்துட்டு வர்றியே" என்பார். திட்டு அவனுக்கு. ஆனால் காதில் விழுவது இவளுக்கும்தான். ஜெயித்த ஆட்டத்திலேயே ஒரு பிள்ளைக்கு அவமானம் கிடைத்தால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை தலைவலி வருவதில் என்ன ஆச்சரியம்?

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஆர்வம் பிறவியிலேயே வேறா? உங்கள் வீட்டுக்காரர் சொல்வதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. 2009-ல் அமெரிக்காவில் சுமார் 5 லட்சம் பேரிடம் எடுத்த விருப்பச் சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஆய்வு ஒன்று வந்தது. சராசரியாகப் பார்த்தால் ஆண்கள் பொருள்கள், கருவிகள் பக்கமும் பெண்கள் மனிதர்களோடு பழகும் வேலைகள் பக்கமும் சாய்கிறார்கள், அந்த வித்தியாசம் சின்னதில்லை என்று அது சொன்னது. கருவில் இருக்கும்போது ஆண்மைக்குரிய ஹார்மோன் வழக்கத்தைவிட அதிகம் சுரந்த பெண் குழந்தைகள், பையன்கள் எடுக்கிற விளையாட்டுச் சாமான்களை அதிகம் எடுப்பதையும் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதனால் இயற்கைக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் சராசரி வேறு, உங்கள் மகள் வேறு. சராசரியில் ஆண்கள் பெண்களைவிட உயரம். அதற்காக உங்கள் தெருவில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு ஆணையும் ஒரு பெண்ணையும் கூப்பிட்டால் யார் உயரம் என்று அளந்து பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. அப்புறம், செஸ் எந்தப் பக்கம் சேரும் சொல்லுங்கள். எதிரே ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார், அவர் மனதில் என்ன ஓடுகிறது என்று நாலு மணி நேரம் யோசிக்கிற விளையாட்டு அது. அதைக் கருவிகள் பக்கம் தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை.

இயற்கை மட்டும்தான் காரணம் என்றால், காலமும் ஊரும் மாறும்போது கணக்கு மாறக்கூடாது. ஆனால் மாறுகிறதே! அமெரிக்காவில் 1984-ல் கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டம் வாங்கியவர்களில் சுமார் 37 சதவீதம் பெண்கள். அடுத்த இருபத்தைந்து வருடங்களில் அது கிட்டத்தட்ட 18 சதவீதமாகக் குறைந்தது. இருபத்தைந்து வருடத்தில் பெண்களின் பிறவிக் குணம் பாதியாகுமா? அந்தக் காலத்தில்தான் வீட்டுக் கம்ப்யூட்டர்கள் கடைக்கு வந்தன. பையன்களுக்கான விளையாட்டுச் சாமான் என்றே விளம்பரம் செய்தார்கள், பையனின் அறையில்தான் கொண்டுபோய் வைத்தார்கள். கல்லூரிக்கு வரும்போது அவன் நாலு வருடம் பழகியிருந்தான், அவள் அன்றைக்குத்தான் தொட்டாள். நம் ஊரிலோ கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் பெண்களுக்கு ஏற்ற படிப்பு என்று பெற்றோரே சேர்த்துவிடுகிறார்கள், வகுப்பு நிறையப் பெண்கள். இங்கேயும் ஆணும் பெண்ணும்தான், அங்கேயும் ஆணும் பெண்ணும்தான்.

செஸ்ஸிலேயே பாருங்கள். ஜார்ஜியா சின்ன நாடு. அங்கே பிறந்த நோனா கப்ரிந்தாஷ்விலி 1962-ல் பெண்கள் உலக சாம்பியன் ஆனார். 1978 வரை அவரிடமே பட்டம் இருந்தது. அவரைத் தோற்கடித்ததும் இன்னொரு ஜார்ஜியப் பெண்தான், மாயா சிபுர்தானிட்ஸே. அவர் 1991 வரை வைத்திருந்தார். 29 வருடம் ஒரே மண்ணில் பட்டம். அந்த ஊர்ப் பெண்களுக்கு மட்டும் இயற்கை தனியாக எதையும் கொடுத்துவிடவில்லை. அண்டை வீட்டு அக்கா ஆடுகிறாள், பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பெண் ஆடுகிறாள், அதனால் நானும் ஆடுகிறேன் என்று ஒரு வழக்கம் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

உங்கள் வீட்டுக் கதையைப் படித்ததும் சென்னை வைஷாலி ஞாபகம் வராமல் இருக்குமா? டி.வி. பார்ப்பதைக் குறைக்க அவரைத்தான் முதலில் செஸ்ஸில் சேர்த்தார்கள். அக்காவைப் பார்த்துக் கற்றுக்கொண்ட தம்பிதான் பிரக்ஞானந்தா. தம்பி 2018-ல் 12 வயதில் செஸ்ஸின் மிக உயர்ந்த பட்டமான கிராண்ட்மாஸ்டர் ஆனார். அக்கா அதற்குத் தேவையான 2500 ரேட்டிங்கை (ஆட்டத் திறனுக்கான புள்ளிகள்) 2023 டிசம்பரில்தான் தொட்டார், 22 வயதில். நடுவில் அந்த ஐந்து வருடத்தில் அவரும் நிறுத்தியிருந்தால், "இயற்கை" என்று சொல்லி ஊரே தலையாட்டியிருக்கும். அவர் நிறுத்தவில்லை. உலக சாம்பியனை எதிர்த்து ஆடப்போவது யார் என்று தீர்மானிக்கிற கேண்டிடேட்ஸ் போட்டிகள் 2024-ல் டொரொன்டோவில் நடந்தன, அவற்றில் அக்காவும் தம்பியும் ஆடினார்கள். அக்கா தம்பி சேர்ந்து அந்த இடத்துக்கு வந்தது அதுவே முதல் முறை. அதே வருடம் நாடுகள் அணியாக ஆடுகிற புடாபெஸ்ட் செஸ் ஒலிம்பியாடில் இந்தியா ஓபன் பிரிவிலும் (ஆண், பெண் யாரும் ஆடலாம்) பெண்கள் பிரிவிலும் தங்கம் வாங்கியது. ஓபன் அணியில் தம்பி இருந்தார், பெண்கள் அணியில் அக்கா இருந்தார்.

"சரி, அப்படியென்றால் உச்சத்தில் ஏன் பெண்கள் இவ்வளவு குறைவு?" என்று உங்கள் கணவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2025-ல் திவ்யா தேஷ்முக் பெண்கள் உலகக் கோப்பையை வென்று இந்தியாவின் 88-வது கிராண்ட்மாஸ்டர் ஆனார். அந்த 88 பேரில் பெண்கள் 4 பேர்தான்: கோனேரு ஹம்பி, ஹரிகா, வைஷாலி, திவ்யா. ஆனால் கீழே எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு குளத்தில் 1600 மீன், பக்கத்துக் குளத்தில் 100 மீன். இரண்டும் ஒரே சாதி மீன்தான். ஆனால் இருப்பதிலேயே பெரிய மீன் எந்தக் குளத்தில் கிடைக்கும்? ஜெர்மனியில் சுமார் 1,20,000 ஆட்டக்காரர்களின் ரேட்டிங்கை வைத்து 2009-ல் இந்தக் கணக்கைப் போட்டார்கள். அங்கே ஒரு பெண்ணுக்கு 16 ஆண்கள் ஆடினார்கள். முதல் 100 ஆண்களுக்கும் முதல் 100 பெண்களுக்கும் இருந்த இடைவெளியில் 96 சதவீதத்துக்கு இந்த எண்ணிக்கை வித்தியாசமே போதும் என்று வந்தது. கணக்குப் போட்ட விதம் சரியில்லை என்று பிறகு மறுத்தவர்களும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். இருந்தாலும் எண்ணிக்கைக்குப் பெரிய பங்கு இருக்கிறது என்பதை வகுப்பில் உட்கார்ந்து பார்க்கிற எனக்குச் சந்தேகமே இல்லை. 24-ல் 3 என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

அந்த மூன்று எப்படி மூன்றாகவே நிற்கிறது என்பதுதான் எனக்கு வலிக்கிற இடம். 2017-ல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வு, ஐந்து வயதில் பெண் குழந்தைகள் "ரொம்ப ரொம்பப் புத்திசாலி" யார் என்று கேட்டால் தங்களைப் போன்ற பெண்களையும் காட்டுகிறார்கள், ஆறு, ஏழு வயதில் அது குறைந்துவிடுகிறது என்றது. "ரொம்பப் புத்திசாலிகளுக்கான விளையாட்டு" என்று சொல்லிக் கொடுத்தால் அந்த வயதிலேயே ஒதுங்குகிறார்களாம். "ரொம்ப முயற்சி செய்பவர்களுக்கான விளையாட்டு" என்று சொன்னால் ஒதுங்குவதில்லை. நம் ஊரில் செஸ்ஸை எப்படிச் சொல்லி விற்கிறோம்? மூளைக்காரர்கள் விளையாட்டு என்றுதானே? நானும் என் வகுப்பு நோட்டீஸில் அப்படித்தான் போட்டிருந்தேன். இப்போது எடுத்துவிட்டேன்.

அப்புறம் நேரம். 2019-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், தங்கள் வீட்டு வேலையைச் செய்கிற பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் அதற்குச் செலவழித்தார்கள், ஆண்கள் 97 நிமிடம். பதின்மூன்று வயதில்தான் அந்த வித்தியாசம் வீட்டுக்குள் மெல்ல ஆரம்பிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போட்டி முடிந்து வந்ததும் பையன் கால் நீட்டி உட்கார்ந்து அன்றைய ஆட்டத்தை அப்பாவிடம் சொல்வான். அவள் டிபன் டப்பாக்களைத் துலக்கப் போட்டுவிட்டு வந்து உட்காருவாள், அதற்குள் பேச்சு முடிந்திருக்கும். உங்கள் வீட்டில் எப்படி என்று எனக்குத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கவனித்துப் பாருங்கள்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், இது வரைக்கும் அதிகம் பேரிடம் சொன்னதில்லை. 14 வயதில் நான் இரண்டு வருடம் ஆடுவதை நிறுத்தினேன். பத்தாவது வரப்போகிறது, அதனால்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள். உண்மைக் காரணம், ஒரு போட்டியில் பெண்கள் கழிப்பறையைப் பூட்டி வைத்திருந்தார்கள். சாவி யாரிடம் என்று கேட்க அந்தக் கூடத்தில் ஒரு பெண்கூட இல்லை. எனக்கு அன்றைக்கு மாதவிலக்கு. நாலு மணி நேர ஆட்டம். ஜெயிக்கிற நிலையில் இருந்த ஆட்டத்தை டிரா கேட்டு முடித்துவிட்டு வெளியே ஓடினேன். அடுத்த மாதம் அப்பா படிவம் கொண்டுவந்தபோது "இஷ்டமில்லை" என்றேன். அவரிடம் வேறு என்ன சொல்ல முடியும்? "இஷ்டமில்லை" என்பது ஒரு பெண் பிள்ளைக்குச் சுலபமாக வாயில் வருகிற சொல். அதற்குமேல் யாரும் துருவிக் கேட்பதில்லை.

அதனால் உங்கள் மகளிடம் "உனக்கு ஆர்வம் இருக்கா, இல்லையா?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு ஒற்றை வார்த்தையில் பதில் வந்துவிடும். "கடைசியாப் போன போட்டில மதியம் சாப்பிட்டியா? யார் கூட உக்காந்திருந்தே? பாத்ரூம் சுத்தமா இருந்துச்சா? யாராவது ஏதாவது சொன்னாங்களா?" என்று சின்னச் சின்னதாகக் கேளுங்கள். நேருக்கு நேர் உட்கார்ந்து கேட்காமல், பூண்டு உரிக்கும்போதோ துணி மடிக்கும்போதோ கேட்டால் நல்லது. யாராவது தொட்டார்கள், தப்பாகப் பேசினார்கள் என்று வந்தால் அன்றைக்கே அவள் பக்கம் நின்றுவிடுங்கள். பயிற்சியாளராக இருந்தாலும் சரி, நடுவராக இருந்தாலும் சரி, தயங்காமல் புகார் கொடுங்கள்.

போனில் ஏன் ஆடுகிறாள் என்றும் யோசித்தேன். அங்கே அவள் பெண் என்று யாருக்கும் தெரியாது. 2008-ல் இத்தாலியில் 42 ஜோடி ஆட்டக்காரர்களை இணையத்தில் ஆடவிட்டுப் பார்த்தார்கள். எதிரே ஆண் என்று தெரிந்தபோது பெண்கள் பின்வாங்கி ஆடினார்கள், தோல்வியும் கூடியது. அதே ஆளைப் பெண் என்று சொல்லி நம்பவைத்தபோது சரிசமமாக ஆடினார்கள். பிறகு, நிஜப் போட்டிகளின் லட்சக்கணக்கான ஆட்டங்களை அலசிய ஓர் ஆய்வில் அப்படிப் பின்வாங்கல் தெரியவில்லை, ஆண்களுக்கு எதிராகப் பெண்கள் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் நன்றாகவே ஆடியிருந்தார்கள். அதனால் இதை முடிந்த முடிவாகச் சொல்லமாட்டேன். ஆனால் போட்டிக்கு வந்து போர்டு முன்னால் உட்காருகிறவர்கள், அதற்கு முன்பே நின்றுபோகாமல் தாக்குப்பிடித்தவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது. ராத்திரி ஆட்டத்தை நிறுத்தச் சொல்லுங்கள், தூக்கம் முக்கியம். அதற்குப் பதிலாகச் சாயங்காலம் முக்கால் மணி நேரம், கூடத்தில், எல்லோர் முன்னாலும் ஆடட்டும். ஒளித்து ஆட வேண்டிய விஷயமில்லை அது.

உங்கள் கணவரிடம் நான் ஒன்று கேட்டதாகச் சொல்லுங்கள். அடுத்த இரண்டு போட்டிக்கு மகளை அவர் அழைத்துப் போகட்டும், பைக்கில் முன்னால் அவர், பின்னால் அவள். பையனோடு நீங்கள் போங்கள். அப்பா கூட வந்தால் அந்தப் படிக்கட்டுக் கூட்டத்துக்குப் பக்கத்தில் அவரே நின்று, "நீயும் போய் உக்காரும்மா" என்று சொல்ல முடியும். அந்த ஒரு சொல்லுக்கு எவ்வளவு பலம் என்று நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதோடு, இனி பையனைப் பார்ப்போம் என்று அவளுக்குக் கட்டுகிற ஃபீஸை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். பிள்ளைகள் அதைத்தான் முதலில் கவனிப்பார்கள். "தம்பிக்குச் சொல்லிக்கொடு" என்று அவளைத் தம்பியின் டீச்சராக மாற்றிவிடவும் வேண்டாம். அவள் இன்னும் தன் ஆட்டத்தையே ஆடி முடிக்கவில்லை.

இன்னொரு பெண் பிள்ளை வேண்டும் அவளுக்கு. அவள் வயதில், அவள் பலத்தில் ஒருத்தி இருந்தால் போதும். உங்கள் பயிற்சியாளரிடம் பக்கத்து ஊர் வகுப்புகளில் விசாரிக்கச் சொல்லுங்கள். வாரம் ஒரு நாள் இருவரும் சேர்ந்து ஆடினால் பாதிப் பிரச்சினை அங்கேயே கரையும். பெண்களுக்கு என்று தனிப் பிரிவு தேவையா என்று பலர் கேட்கிறார்கள். ஹங்கேரியின் யூதித் போல்கர் பெண்கள் உலகப் பட்டத்துக்கு ஆடவே இல்லை. ஆண்களோடே ஆடி 1991-ல் 15 வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனார், உலகத் தரவரிசையில் 8-ம் இடம் வரை போனார். ஆனால் அவர் வீட்டில் மூன்று சகோதரிகளும் ஆடினார்கள், துணைக்குப் பஞ்சமில்லை. உங்கள் மகளுக்கு அந்தத் துணை பெண்கள் பிரிவில்தான் கிடைக்கும். அதனால் இப்போதைக்கு இரண்டிலும் ஆடட்டும் என்பேன். ஓபன் பிரிவில் ஆட்டம் வளரும், பெண்கள் பிரிவில் தோழிகள் கிடைப்பார்கள்.

கட்டாயப்படுத்தலாமா என்றால், கூடாது. மேலே சொன்னதையெல்லாம் ஒரு ஆறு மாதம் செய்து பாருங்கள். அதற்குப் பிறகும் அவள் நிதானமாக, "எனக்கு வேற பிடிச்சிருக்கு, இது வேண்டாம்" என்று சொன்னால் சந்தோஷமாக விடுங்கள். அப்போது அது அவளுடைய விருப்பம், யாரும் அவளுக்காகத் தீர்மானித்தது இல்லை. கொஞ்ச நாள் ஓய்வு கேட்டாலும் பயப்பட வேண்டாம். கோனேரு ஹம்பி குழந்தை பிறந்தபோது ஒதுங்கியிருந்துவிட்டுத் திரும்பி வந்து 2019-லும் 2024-லும் பெண்கள் உலக ரேபிட் (விரைவு செஸ்) பட்டம் வாங்கினார்.

கடைசியாகத் தோற்ற ஆட்டத்தின் ஸ்கோர் ஷீட், அதாவது காய் நகர்த்தல்களை எழுதிவைத்த தாள், அவளிடம் இருக்கும், பெரும்பாலும் பையின் அடியில் கசங்கிக் கிடக்கும். அவளுக்குச் சம்மதம் என்றால் மட்டும் அதை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஆட்டத்தைப் பார்த்துவிட்டு அவளுக்கே தனியாக எழுதுகிறேன்.